ஸ்கோப்புக்குள் ஒரு வளைவு

என் வீட்டுக்காரர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். அது வெறும் ஏர் ரைஃபிள். குழலை மடக்கினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அமுங்கும். விசையை அழுத்தினால் அது விரிந்து காற்றைத் தள்ளும், காற்று ஈயக் குண்டைத் தள்ளும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கி கிளப்புக்குப் போய், வட்டம் போட்ட அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். ஓட்டை விழுந்த அட்டையை மடிக்காமல் கொள்ளாமல் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிவந்த பிள்ளை மாதிரி இருக்கும் அந்த முகம். நானும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "பலே பலே" என்பேன்.

அவருக்கு வேலை கன்டெய்னர் யார்டில், கிரேன் ஓட்டுவது. உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே பார்த்துப் பார்த்து, ஒரு வீடு அளவு இரும்புப் பெட்டியை லாரி மேல் அலுங்காமல் இறக்க வேண்டும். கீழே ஆட்கள் நிற்பார்கள். கண் நன்றாக இருக்கும் வரைதான் அந்தக் கூண்டு. வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி மறு கண்ணால் எழுத்துப் படிக்கச் சொல்வார். தடுமாறினால் மேலே ஏற விடமாட்டார்கள். கேட் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு லாரி நம்பர் எழுத உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நாற்காலி என்றால் இவருக்கு வேப்பங்காய். அதே யார்டில் லாரி ஓட்டும் என் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்: கேட்டைத் தாண்டும்போதெல்லாம் மாமா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை இல்லாமல் வந்தார்.

"அட்டை எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"குழல் நுனியில இருக்கிற குறி மங்கலாத் தெரியுது. வயசாகுதுல்ல, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிருவோம்ங்க."

"காட்டினா பேப்பர்ல எழுதுவான். எழுதினா அது கம்பெனிக்குப் போகும். ஏன், சும்மா இருக்கிற கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு வச்சு என்னைக் கூண்டுல இருந்து இறக்கிவிடச் சொல்றியா? துப்பாக்கி மேல ஒரு ஸ்கோப் மாட்டி, அந்தக் குழாய் வழியா குறி பாத்தா எல்லாம் சரியாப் போயிரும். கிளப்ல பாதிப் பேரு மாட்டியாச்சு."

அவர் கணக்கு ஒன்று இருந்தது. துப்பாக்கியில் குறி தப்பாதவரை கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் இல்லாதவரை கூண்டு அவருடையது. குறி தப்ப ஆரம்பித்ததும் மனுஷர் கண்ணை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஐம்பதைத் தாண்டியவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியாதா என்ன?

துப்பாக்கிச் சாமான் கடைக்காரரைக் கிளப்பில் பீரங்கி என்பார்கள். காதோடு காதாக ஒரு விஷயம் சொன்னால்கூடத் தெருமுனை வரை கேட்கும். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் வெல்வெட் துணி விரித்து, முதலில் முழங்கை நீளத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது, கோடும் புள்ளியுமாக ஒரு கூட்டமே இருந்தது.

"இதுல நிலாவுல இருக்கிற பள்ளத்தை எண்ணலாம்!" என்று முழங்கினார்.

"நிலாவை யாரு சுடப் போறாங்க? இவரு எதிர்ச் சுவத்துல இருக்கிற அட்டையைச் சுடப் போறாரு. கட்டுப்படியாகிற விலையில எடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடித்தார். கடைகளில் என் வாய் அவருக்குக் கூச்சம்.

ஆனால் பீரங்கி ஏமாற்றுக்காரர் இல்லை. விலை குறைந்த இரண்டை எடுத்து வைத்து விளக்கினார். "பெரிய ரைஃபிள் பின்பக்கம்தான் உதைக்கும். உங்களோடது ஸ்பிரிங். பின்னாடியும் உதைக்கும், முன்னாடியும் உதைக்கும். அதுக்குன்னு பண்ணாத ஸ்கோப்பை மாட்டினீங்கன்னா, உள்ள இருக்கிறது கழண்டு கிலுகிலுப்பை ஆயிரும். இது ஏர் ரைஃபிளுக்குன்னே பண்ணது, தாங்கும். கிட்டத்துல சுடுறதுக்குன்னே செட் பண்ணிருக்கான். தூரத்துக்கு செட் பண்ணதை வாங்கினா, கண்ணு லேசா அசைஞ்சாலே குறி நகரும்."

நாலு மடங்கு பெரிதாகக் காட்டும் சாதாரண ஸ்கோப். விளக்கு கிடையாது, முறுக்குவதற்கு ஆயிரம் வளையம் கிடையாது. உள்ளே பிளஸ் போல இரண்டே கோடு. ஒன்று நின்றது, ஒன்று படுத்தது. கூடவே துப்பாக்கியின் முதுகில் இருக்கும் பள்ளத்தைக் கவ்விப் பிடிக்கிற மவுண்ட். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நடையே மாறிவிட்டது.

மாட்டியது நான்தான். எனக்கு மொபைல் ரிப்பேர் கடை. கடுகு அளவு ஸ்க்ரூவோடு காலம் தள்ளுகிறவள். சாப்பாட்டு மேஜையில் பழைய டவலை விரித்து, ரைஃபிளைப் படுக்க வைத்து, பள்ளத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். பிசுக்கு இருந்தால் உதைக்கிற உதையில் மவுண்ட் வழுக்கிக்கொண்டே பின்னால் வரும். ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, அவரைப் பார்க்கச் சொல்லி, வட்டம் முழுசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். ரொம்பக் கிட்டே வைத்தால் புருவம் கிழியும். பிறகு அலமாரியின் ஓரத்தோடு நின்ற கோட்டைப் பொருத்திப் பார்த்து, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒரே பக்கம் முறுக்கினால் குழாய் நசுங்கும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து, முடிவெட்டிக்கொள்கிறவர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆச்சு. பாருங்க" என்றேன்.

தோளில் வைத்து, இடது கண்ணை மூடி, பால்கனி வழியாக எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கோடு வளைஞ்சிருக்கே" என்றார்.

"எந்தக் கோடு?"

"நிக்கிற கோடு. நடுவுல லேசா வெளியே தள்ளிக்கிட்டு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அடி ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது.

"நேராத்தாங்க இருக்கு."

"கண்ணாடி போட்டவ சொல்றா, கண்ணாடி போடாதவன் கேட்டுக்கணும்" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானே சில சமயம் உப்பு டப்பாவைத் திறந்து சர்க்கரை என்று போடுகிறவள்.

மறுநாள் பீரங்கியிடம் போனோம். அவர் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கடைப் பையனையும் பார்க்கச் சொன்னார். "நேரா இருக்கே சார்!" என்றார் இருவரும். என் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "விக்கிற வரைக்கும் ஒரு பேச்சு, வித்ததுக்கு அப்புறம் ஒரு பேச்சா? உங்க கண்ணையெல்லாம் முதல்ல போய்க் காட்டுங்க" என்றார். நானும் சேர்ந்து கத்தினேன். கட்டினவர் பக்கம் நிற்காமல் கடைக்காரர் பக்கமா நிற்க முடியும்? பீரங்கி முணுமுணுத்தபடி வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் முணுமுணுத்தது எதிர்க் கடை வரை கேட்டது.

அந்த இரண்டாவதும் வளைந்திருந்தது. இம்முறை படுத்த கோடும் சேர்ந்துகொண்டது.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு வருகிற எல்லோரும் 'தானா நின்னுபோச்சு' என்றுதான் போனை நீட்டுவார்கள். ஆளிடம் வாதாடிப் பயன் இல்லை. திறந்து பார்த்தால் ஏதோ ஒரு பாகம் போயிருக்கும், அதை மாற்றினால் ஓடும். வருடக்கணக்காக அதையே செய்து செய்து, எது சரியில்லை என்றாலும் எந்தப் பாகம் என்று தேடுவதுதான் புத்தி. இங்கேயும் பாகத்தைத்தான் தேடினேன். மவுண்ட் குழாயை அழுத்தி, குழாய் நசுங்கி, அதனால் கண்ணாடி கோணியிருக்கும் என்று முடிவு கட்டினேன். ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். ஸ்கோப் வழுக்கியது. வேறு மவுண்ட் வாங்கி, பின்னால் நகராமல் இருக்க முட்டுக்கொடுக்கும் ஆணியும் போட்டேன். நகருவது நின்றது. கோடு நிமிரவில்லை.

வாரங்கள் போயின. அட்டையில் குண்டுகள் ஊர்வலம் கலைந்ததுபோல் சிதறி விழுந்தன. ஸ்கோப்பின் தலையில் இருக்கும் திருகை இவர் இடது பக்கம் சொடுக்குவார், வலது பக்கம் சொடுக்குவார், மேலே ஏற்றுவார், இறக்குவார். ஒரு ஞாயிறு சரியாக வந்ததுபோல் இருக்கும், அடுத்த ஞாயிறு பழைய கதை. கிளப்பில் யாரோ குண்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். யாரோ ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தோம். தம்பி வந்து ஒரு தடவை சுட்டான். ஒரே இடத்தில் மூன்று குண்டும் ஒட்டிக்கொண்டு விழுந்தன.

"மாமா, இதுல ஒரு குறையும் இல்லையே!" என்று கூத்தாடினான்.

இவர் முகம் செத்துவிட்டது. தம்பி அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அப்போதுதான் முதல் தடவையாக, குறை துப்பாக்கியில் இல்லையோ என்று தோன்றியது. வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

அன்று மாலை நானே சொன்னேன், "கடைசியா ஒரு தடவை சரிபாத்துருவோம்." அலமாரி ஓரத்தை நம்ப வேண்டாம், மரம் கோணலாக இருக்கலாம் என்று ஒரு வெள்ளை நூலை எடுத்தேன். நுனியில் கனமான இரும்பு நட்டைக் கட்டி, அறைக் கோடியில் திரைக் கம்பியிலிருந்து தொங்கவிட்டேன். கொத்தனார் சுவருக்கு வைத்துப் பார்க்கிற அதே வழி. நட்டு ஆடி ஆடி நின்றது.

"இப்ப அந்த நூலோட கோட்டைச் சேத்துப் பாருங்க."

பார்த்தார். "ரெண்டும் சேந்துதான் இருக்கு" என்றார்.

"அப்ப சரியா இருக்குல்ல?"

"சேந்து வளைஞ்சிருக்கு. நூலு ஏன் இப்படித் தொங்குது? நட்டு எங்கயாவது சுவத்துல மாட்டிக்கிச்சா?"

நூல் எங்கேயும் மாட்டவில்லை. அறைக்கு நடுவே தனியாகத் தொங்கியது. கனம் கட்டித் தொங்கவிட்ட நூல் எப்படி வளையும்?

நான் அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி மேஜையில் வைத்தேன். "ஸ்கோப் வேண்டாம். சும்மா பாருங்க."

"நேரா இருக்கு."

"ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. சுடுறப்ப மூடுவீங்கல்ல, அதே கண்ணு."

இடது கண்ணை மூடினார். நூலைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பார்த்தார். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தார். அறையில் நேராக இருந்த ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"எல்லாமே வளைஞ்சிருக்கும்மா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. மேஜையில் என் ஸ்க்ரூ டிரைவர்கள் அளவு வாரியாகப் படுத்திருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. எடுத்து வீசலாமா என்றிருந்தது. வீசி என்ன ஆகப்போகிறது?

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் படம் எடுத்து, மறுபடி வெளியே உட்காரவைத்து, மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். திரையில் வலது கண்ணின் படத்தைக் காட்டினாள். சமதளமாக இருக்க வேண்டிய இடத்தில் மேடு தட்டியிருந்தது. நேராகப் பார்க்கிற இடத்துக்கு அடியில் ரத்தக் குழாய் முளைத்துக் கசிந்திருக்கிறது, கசிந்தது தழும்பாகிவிட்டது என்றாள்.

"எப்ப இருந்து வளைஞ்சு தெரியுது?"

இவர் என்னைப் பார்த்தார். "முதல் ஸ்கோப் வாங்கினதுல இருந்து" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. நான் கதையைச் சொன்னேன். இரண்டு ஸ்கோப், இரண்டு மவுண்ட், குண்டு, ஸ்பிரிங், எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு இதை மறைச்சிரும். ஒரு கண்ணால பாத்தாத்தான் தெரியும். அதனால நிறையப் பேருக்குத் தெரியிறதே இல்லை" என்றாள். "ஊசி போட்டா இதுக்கு மேல பரவாமப் பாக்கலாம். போனது திரும்ப வராது."

"இடது கண்ணு?" என்றார் இவர்.

"அதுலயும் ஆரம்பப் புள்ளிகள் இருக்கு. அப்படியே நின்னாலும் நிக்கலாம். சொல்ல முடியாது."

"அதுக்கு இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"இப்ப பண்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க. தினமும் சோதிச்சுக்கிட்டே இருங்க. இந்தக் கோடு வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே ஓடி வாங்க" என்று கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்தாள்.

பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. என் கடையில் இப்படிச் சொல்லி நான் யாரையும் அனுப்பியதில்லை. தண்ணீரில் விழுந்த போனைக்கூட, வைத்துவிட்டுப் போங்கள் பார்க்கிறேன் என்றுதான் வாங்கி வைப்பேன். இந்தக் கண்ணை யாரிடம் வைத்துவிட்டுப் போவது?

தம்பி விஷயம் கேட்டு ஓடிவந்தான். "மாமா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. டெஸ்ட் அன்னைக்கு எழுத்து வரிசையை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிரலாம். இடது கண்ணு இருக்குல்ல, இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டிரலாம்."

"கீழ ஆளுங்க நிக்கிறாங்கடா" என்றார் இவர். "நீயும்தான் நிக்கிற."

மறுநாள் அவரே போய் மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தேன் என்பதும் உண்மை. அன்றிலிருந்து கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. துப்பாக்கியைப் பீரங்கியே வாங்கிக்கொண்டார். ஸ்கோப்பையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

கட்ட அட்டையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். காலையில் எழுந்ததும் அதன் முன்னால் நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பார். நான் டீ போடுகிற சாக்கில் பக்கத்தில் நிற்பேன். "நேராத்தான் இருக்கு" என்று அவர் சொல்கிற வரை எனக்கு மூச்சு வராது. சொன்னதும் அன்றைய பொழுதுக்கு உயிர் வரும். அடுத்த நாள் காலையில் மறுபடியும் அதே கதை.

போன வாரம் ஒரு நாள் இடது கண்ணைச் சோதித்து முடித்தார். நேராகத்தான் இருக்கிறது என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மாற்றி இடது கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி, பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க பாக்குறீங்க?" என்றேன்.

"உன்னத்தான்."

"நான் இங்க இருக்கேன்."

"தெரியுது. நேராப் பாத்தா உன் மூஞ்சி இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. ஜன்னலைப் பாத்தா ஓரமா வந்துருது. மூக்கு, கண்ணாடி, எல்லாம் வருது."

அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நான் இல்லையே என்றிருந்தது. டீ டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்து, ஜன்னலை மறைத்து, அவர் கண்ணுக்கு நேராகப் போய் நின்றேன்.

"ஐயோ, போயிட்டியே" என்றார்.

நான் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.